ஓரிச்சே மானும் நீ சொல்லாத பொய்யும்

பிள்ளைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பித்தார்கள். நீ சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். உன் பாட்டுச் சத்தம் குசினிவரை கேட்கிறது. ஆகவே நீ நலம். நான் நலமில்லை. திங்கட்கிழமையிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நான் கப்பல் ஏறப் போறன் எண்டு அம்மாவுக்குக் கவலை" என்று நீ அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. கவலைதான், ஆனால் நீ நினைக்கிற கவலை இல்லை. ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாயால் சொல்ல நான்கு நாளாக முயன்றேன். ஒவ்வொரு தடவையும் உன் அறை வாசல்வரை வந்து, "தேத்தண்ணி வேணுமோ" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். இந்தக் கிழமை நீ குடித்த அத்தனை தேத்தண்ணீருக்கும் அதுதான் காரணம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எங்களிடம் சொல்லாமல் பகேரியாவுக்கு ரயில் ஏறிப் போனாய். என் வேலை வீட்டுச் சிஞ்ஞோரா உனக்கென்று என்னிடம் கொடுத்துவிட்ட கமராவைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறாய். பதினான்கு வருடமாக நான் தூசு தட்டுகிற அந்த வீட்டு முன்னறையில் நின்று, எண்பது வயதை நெருங்குகிற மனுசியின் முகத்தைப் பார்த்து, "முதல் நற்கருணை வாங்கிய என் புதுநன்மை நாளில் என் அம்மாவை என்னிடமிருந்து பறித்தீர்கள், அவர் எடுத்த படத்தையும் திருடினீர்கள், உங்கள் கமரா எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாய். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனபோது சிஞ்ஞோரா யன்னலோரக் கதிரையில் இருந்தபடி, "உன் மகள் வந்தாள், நன்றாகக் கத்தினாள், அவளுக்கு உன் குரல்" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நீயல்லவா?" என்றார். பிறகு வழக்கம்போலத் தன் கோப்பியைக் கேட்டார். நான் கோப்பி போட்டேன். தட்டெல்லாம் சிந்தியது.

பிள்ளை, அந்த மனுசி என்னைப் பறிக்கவில்லை. எதையும் திருடவும் இல்லை. எட்டு வருடமாக நீ நம்பிக்கொண்டிருப்பது நான் கட்டிய கதை. அதை உனக்குச் சொல்லாமல் உன்னைக் கப்பல் ஏற்றிவிட்டால், நீ இத்தாலியின் வடக்கே போய்ப் படித்துப் பெரிய ஆளாகி, ஒரு குற்றமும் செய்யாதவரை வெறுத்துக்கொண்டே இருப்பாய், குற்றம் செய்த என்னைப் பாவம் பார்த்துக்கொண்டே இருப்பாய். இந்த இரண்டாவதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

சிஞ்ஞோரா காட்டு விலங்குகளைப் படம் எடுக்கிறவர் என்பது உனக்குத் தெரியும். புருசன் செத்த பிறகு தொடங்கிய பழக்கம் அது. அவருடைய எழுத்து மேசைக்குப் பக்கத்தில், கீழே விளக்கு எரிகிற ஒரு கண்ணாடி மேசை இருக்கிறது. சின்னச் சின்ன மட்டைச் சட்டங்களுக்குள் இருக்கும் சிலைட்டுகளை அதன்மேல் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பார். நான் போன புதிதில் அதைத் துடைப்பது மட்டும்தான் என் வேலை. பிறகு சட்டங்களுக்கு இலக்கம் போடச் சொன்னார். பிறகு, "எது நல்ல படம், சொல்லு பார்ப்போம்" என்று கேட்கத் தொடங்கினார். நான் காட்டிய படத்தையே அவரும் எடுத்து வைத்திருப்பார். அந்தச் சந்தோஷத்தை உனக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நிலம் கழுவுகிறவளிடம் ஒருத்தர் அபிப்பிராயம் கேட்டார், அவ்வளவுதான். வியாழக்கிழமை அரைநாள் எனக்கு லீவு. பாதி வியாழக்கிழமைகள் நான் உங்களிடம் "வேலை கூட" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுத் தோட்டத்தில் பல்லியையும் பூனையையும் படம் எடுத்துப் பழகினேன். முதல் பொய் அங்கேதான் தொடங்கியது. ஒருத்தருக்கும் கேடில்லாத பொய் என்று நினைத்தேன்.

அந்த வருடம் மாசி மாதம், நான் அடுப்படியில் நின்றபோது சிஞ்ஞோரா வந்து கேட்டார். ஆபிரிக்காவில், புதிதாக விடுதலை அடைந்த நமீபியா என்ற நாட்டுக்கு மே மாதம் போகிறாராம். முழங்கால் சரியில்லை, பை தூக்கவும் பிலிம் மாற்றவும் ஒரு ஆள் வேண்டும், வருகிறாயா என்றார். அதோடு நிற்கவில்லை. "மே மாதம் மகளுக்கு முதல் நற்கருணை என்று சொன்னாயே? வீட்டில் கதைத்துவிட்டுச் சொல். நீ வராவிட்டால் என் மருமகனின் சிநேகிதன் ஒருவன் வருவான். எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை" என்றார். இந்த வார்த்தைகளை நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உன் நாளை ஞாபகம் வைத்திருந்தவர் அவர்தான். நான் வீட்டில் கதைக்கவில்லை. யோசிக்கக்கூட இல்லை. ஈரக் கையோடு நின்று, "வருகிறேன்" என்றேன்.

நீ இங்கே வந்து சேர்ந்து அப்போது ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஐந்து வயதில் உன்னை அப்பாவிடமும் சித்தியிடமும் விட்டுவிட்டு வந்தவள் நான். நீயும் அப்பாவும் வந்து இறங்கியபோது என்னைப் பார்த்து "ஆன்ரி" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னை அம்மா என்று பழகுவதற்குப் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டேன். கண்டும் போனேன்.

பகேரியாவிலிருந்து வீட்டுக்கு வருகிற அந்தக் கொஞ்ச நேர ரயில் பயணத்தில் நான் என் முகத்தைத் தயார்படுத்தினேன். பலேர்மோவில் எங்கள் வீட்டடியிலுள்ள போர்கோ வெக்கியோ சந்தைக்குள் நுழைந்தபோது என் முகம் செத்த வீட்டு முகமாகிவிட்டது. அப்பா துறைமுகத்தில் கப்பல் அறைகள் கூட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் கதிரையில் விழுந்து, "சிஞ்ஞோரா என்னை ஆபிரிக்காவுக்கு வரச் சொல்லி நிக்கிறா" என்றேன்.

"எப்ப?"

"மே மாசம். பிள்ளையின்ர புதுநன்மை நேரம்."

"ஏலாதெண்டு சொல்லும்."

"சொன்னனான். வராட்டி வேற ஆளைப் பாக்கிறன் எண்டுறா. காகிதம் அவவின்ர கையிலையெல்லோ இருக்கு. வேலை இல்லையெண்டு எழுதினா குவெஸ்தூராவிலை பெர்மெஸ்ஸோ தருவாங்களோ?"

அப்பா தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. வேலை வீட்டுக்காரரின் கடிதம் இல்லாவிட்டால் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிடப் பத்திரத்தை, புதுப்பிக்க முடியாது. எத்தனை பேர் அதனால் அழுதிருக்கிறார்கள். அவர்களுடைய உண்மையான பயத்தை நான் இரவல் வாங்கினேன். சிஞ்ஞோரா பெர்மெஸ்ஸோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "வேற ஆளைப் பாக்கிறன்" என்பது மட்டும் உண்மை. அந்த ஒரு துண்டு உண்மையை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சமைத்தேன். நீ கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். "அம்மா, நீங்க அழாதைங்கோ, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார்" என்றாய். நான் அழுதேன். அழுகை உண்மை. ஏன் அழுதேன் என்றால், நீ அப்படிச் சொன்னதும் என் வயிற்றுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி எனக்கே அருவருப்பாக இருந்தது.

போக ஆசையாக இருக்கிறது என்று ஏன் நேராகச் சொல்லவில்லை? அந்த வருடத்தை நினைத்துப் பார். ஊரில் சண்டைக்குப் பயந்து ஓடி, சித்தி உட்பட எங்கள் சனம் முழுக்க மடுக்கோயில் வளவில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்தால் கோயில் வாசலில் யார் காணாமல் போனது, யாருக்குக் கடிதம் வந்தது என்ற கதைதான். இங்கே நாங்கள் கஷ்டப்படுகிறோம் என்பதுதான் அங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் கொடுத்த ஒரே சமாதானம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "எனக்கு மான் பார்க்க ஆசை" என்று எப்படிச் சொல்வது? செபமாலைக் கூட்டத்து றீற்றா அக்கா என் கையைப் பிடித்து, "ஐயோ தங்கச்சி, என்ன செய்யிறது, எங்கட தலைவிதி" என்று கண்கலங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலைக்குள்ளே, பயணத்துக்கு எந்தச் சப்பாத்தைப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தை நான் உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. சந்தோஷமாகச் சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடும் என்று, "ஒரே வெயில், ஒரே தூசி" என்று முடித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல், அதற்கு அப்பால் உப்புப் பூத்த வெள்ளைத் தரை. மழை பொய்த்த வருடமாம். விடியற்காலையில் பல் கிட்டும் குளிர், பத்து மணிக்கு மேல் கல் சுடும். ஒரு பண்ணைக்காரரின் காணிக்குள் ஒரு தண்ணீர்க் குழி. அதற்கு எட்டத்தில் கல் அடுக்கிக் கட்டிய சின்ன மறைப்பு. அதன் சுவரில் ஒரு நீளத் துளை. விடிய முன் உள்ளே போனால் வெயில் சாயும்வரை வெளியே வரக்கூடாது. கதைக்கக்கூடாது. இருமல் வந்தால் கையைக் கடிக்க வேண்டும். கண்ணாடி வளையலைப் பண்ணை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டேன். தலைக்குத் தேங்காய் எண்ணெயும் வைக்கக் கூடாது, அந்த வாசனை காற்றில் போனால் ஒன்றும் கிட்ட வராது என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தார். கமராவின் பெரிய லென்சைத் தாங்க, பழைய திரைச்சீலையில் நான் தைத்துக் கடலை நிரப்பிய பை ஒன்று இருந்தது. பத்தாம் நாள் சாப்பாட்டுச் சாமான் குறைந்தபோது அந்தக் கடலையில் பாதியை அவித்துச் சாப்பிட்டோம். சிஞ்ஞோரா சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

ஓரிச்சே என்று சிஞ்ஞோரா சொல்கிற மான்தான் அங்கே பெரிய ஆள். மாட்டளவு உடம்பு, கரி பூசினது போல முகத்தில் கறுப்புப் பட்டை, நேராகப் பின்னால் போகிற இரண்டு நீளக் கொம்பு. அது அவசரப்படாது. தூரத்தில் ஒரு மணித்தியாலம் நின்று பார்க்கும். திரும்பிப் போவது போலப் போகும். மறுபடி வரும். நானும் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாளே எனக்குக் கால் மரத்துப்போவது நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் ஒருத்தரும் என்னைக் கூப்பிடாமல், ஒருத்தருக்கும் ஒன்றும் எடுத்துக் கொடுக்காமல், நான் சும்மா இருந்து பார்த்தது அந்தக் கற்சுவருக்குள்தான். நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன், பிள்ளை. இதை எழுத எனக்கு எட்டு வருடம் எடுத்திருக்கிறது.

உன் புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அங்கும் பலேர்மோவிலும் அந்த மாதம் ஒரே நேரம்தான். விடியற்காலையில் பண்ணை வீட்டுத் தொலைபேசியில் உன்னை அழைப்பேன் என்று சொல்லியிருந்தேன். அன்று சிஞ்ஞோராவுக்குத் தலையிடி. "நான் வாகனத்தில் படுக்கிறேன், நீ போய் இரு. வந்தால் அமுக்கு" என்று கமராவை என்னிடம் தந்தார். தொலைபேசியையும் மறந்தேன், உன்னையும் மறந்தேன். அதைவிட நல்ல சொல் என்னிடம் இல்லை. மறந்துபோனேன். ஒரு பெண் ஓரிச்சே தனியாக வந்தது. மடி கனத்திருந்தது, கன்றைக் காணவில்லை. அது முன்னங்காலை மடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, நேராக நான் இருந்த துளையைப் பார்த்தது. வாயிலிருந்து தண்ணீர் நூலாக விழுந்தது. ஐந்து தடவை அமுக்கினேன். நான்காவதுதான் அந்தப் படம். சிஞ்ஞோரா பழக்கியிருந்தபடி கொப்பியில் நேரம் எழுதினேன். பத்து மணி பத்து நிமிடம். எழுதிய பிறகும் எனக்கு உறைக்கவில்லை. மூன்று மணிக்குப் பாணைப் பிய்த்து வாயில் வைத்தபோதுதான் கோயில் ஞாபகம் வந்தது.

பின்னேரம் உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். "சிஞ்ஞோரா போன் எடுக்க விடேல்லையோ அம்மா?" என்று நீயே கேட்டாய். "ஓம்" என்றேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த மானுக்குக் கன்று எங்கே என்று அன்றிரவு சிஞ்ஞோராவிடம் கேட்டேன். கன்று பிறந்த புதிதில் தாய் அதைப் பற்றைக்குள் ஒளித்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போய்த் திரும்பி வந்து பால் கொடுக்குமாம். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? தாய்மார் எல்லாரும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நல்ல நித்திரை கொண்டேன். வெட்கம் கெட்டவள். அந்த மான் தண்ணீர் இல்லாவிட்டால் செத்துப்போகும். நான் போனது வேடிக்கை பார்க்க.

திரும்பி வந்த ஞாயிறு கோயில் வாசலில் றீற்றா அக்கா என் தலையைத் தடவிப் பார்த்து, "என்னடி இது, தும்பு மாதிரிக் கிடக்கு" என்றார். "எண்ணெய் வைக்கவும் விடேல்லை அக்கா" என்றேன். அது உண்மை. அவர் அழுதே விட்டார். அடுத்த கிழமை எனக்கென்று ஒரு போத்தல் எண்ணெய் கொண்டுவந்து தந்தார். அந்த எண்ணெயை நான் தலையில் வைத்தேன், பிள்ளை. வைத்துக்கொண்டு பூசைக்கும் போனேன்.

உன்னிடம் மட்டும், ஒருநாள் உனக்குத் தலைபின்னும்போது வாய் தவறி, "ஒரு படம் நான் எடுத்தனான்" என்று சொல்லிவிட்டேன். உன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் பெருமை. ஒருத்தரிட்டையும் சொல்லாதை என்றேன். நீ ஒரு வருடம் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பாரம் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இனி அந்தப் பட விழா, சிஞ்ஞோராவின் படக் கண்காட்சி. சிலைட்டுகள் கழுவி வந்தபோது சிஞ்ஞோரா நான்காவது படத்தைக் கண்ணாடி மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து மட்டைச் சட்டத்தில் நாளையும் நேரத்தையும் என் பெயரையும் எழுதினார். "இந்தப் பயணத்தில் உருப்படியானது இது ஒன்றுதான். உன் பெயரில் தொங்கவிடுவோம்" என்றார். நான் வேண்டாம் என்று அழுதேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடம், நாள், நேரம் எழுதிய அட்டை வைப்பது அவர் வழக்கம். என் பெயரும் அந்த நாளும் அந்த நேரமும் ஒரே அட்டையில் இருந்தால் அப்பா பார்ப்பார், றீற்றா அக்கா பார்ப்பார், நீ பார்ப்பாய். சிஞ்ஞோராவிடம் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன், உங்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டேன் என்று. அவர் பென்சிலை மேசையில் வைத்தார். "எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் உன் வீடு, உன் பிள்ளை. நான் பேசமாட்டேன்" என்றார். அந்தப் படத்துக்குக் கீழே அட்டையே வைக்கவில்லை. தன் பெயரை அவர் போடவில்லை. விழாவே அவருடையது என்றபடியால் வந்தவர்கள் அதையும் அவருடையது என்று எடுத்துக்கொண்டார்கள்.

பொலித்தியாமா நாடக அரங்குக்குக் கிட்டிய அந்த மண்டபத்துக்கு நம் சனத்தையும் அழைக்கச் சொன்னவர் சிஞ்ஞோராதான். நீ வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய், உன் புதுநன்மைச் சட்டையை நீளம் கூட்டித் தைத்தது. ஒரு இத்தாலிய மனுசன் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று "என்ன பார்வை இது" என்று வியந்தபோது, பக்கத்தில் நின்ற நீ உன் சிசிலிக்காரத் தொனியில், "இதை எடுத்தது என் அம்மா" என்றாய். நல்ல உரத்த குரல். மண்டபம் திரும்பிப் பார்த்தது. றீற்றா அக்கா சிரித்துக்கொண்டு, "என்ன, உண்மையோ தங்கச்சி?" என்று என்னைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். சிஞ்ஞோரா வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"பொய் சொல்லுறாள்" என்றேன். போதாதென்று இத்தாலிய மொழியிலும் சொன்னேன். அதுவும் போதாதென்று, உன் தோளைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சிஞ்ஞோராவிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன். நீ கேட்டாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிஞ்ஞோரா உன் தலையில் கை வைக்க வந்தார், நீ விலகினாய். அந்த ஒரு அசைவிலிருந்துதான் அவர் உனக்கு எதிரியானார்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. றீற்றா அக்கா, "பிள்ளைக்குப் பொய் பழக விடாதை" என்றார் என்பதற்காக, சனிக்கிழமை உன்னைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப்போனேன். "பொய் சொன்னனான் எண்டு சுவாமியிட்டைச் சொல்லு" என்று வாசலில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். நீ உள்ளே போய் முழந்தாளிட்டாய். வெளியே வந்து, சுவாமி தந்த தண்டனை மூன்று "அருள் நிறைந்த மரியே" என்றாய். வாங்கில் இருந்து மூன்றையும் சொன்னாய். உண்மை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுச் செபம் செய்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். மறுநாள் பூசையில் எழுந்து போய் நாக்கை நீட்டி நன்மையும் வாங்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வருகிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

உனக்குப் பதினைந்து வயதானபோது ஒருநாள் குசினிக்குள் வந்து, "அண்டைக்கு ஏன் அம்மா அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டாய். கடவுள் எனக்குத் தந்த சந்தர்ப்பம் அது. நான் என்ன செய்தேன்? "சிஞ்ஞோராவுக்குப் பயந்துதான் மகள். பெர்மெஸ்ஸோ போயிருக்கும்" என்றேன். நீ என்னைக் கட்டிப்பிடித்து, "நான் உங்களை மன்னிச்சிட்டன்" என்றாய். உன் மன்னிப்பைப் பொய் சொல்லி வாங்கினேன். திருட்டு என்றால் அதுதான் திருட்டு. நீ சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, என்னைப் போன்ற பெண்களுக்காகத்தான் என்றாய். என்னைப் போன்ற பெண்கள் இருக்கிறார்கள், பிள்ளை. அவர்களுடைய கஷ்டம் பொய்யில்லை. நீ படி. ஆனால் என்னை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதே.

நேற்று அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவரோ, "அண்டைக்குக் காலமை அந்த ரெண்டு பின்னலைப் பின்ன நான் எவ்வளவு பாடுபட்டனான் தெரியுமே" என்றார். பிறகு எழும்பி வெளியே போனார். இன்று காலை பாண் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். இன்னும் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கில்லை. ஆனாலும் தாய் என்றால் வாய் சும்மா இருக்காது. நீ போகிற ஊரில் உனக்கு ஒன்று பிடித்திருந்தால், பிடித்திருக்கிறது என்று சொல். ஊரில் சனம் அழுதுகொண்டிருந்தாலும் சொல். உன் சந்தோஷத்தை மறைக்க இன்னொருத்தரைக் கெட்டவராக்காதே. நான் அன்று அப்பாவிடம், "எனக்குப் போக ஆசை, பிள்ளையின் நாள் முடிந்த பிறகு போகலாமா என்று கேட்கட்டுமா" என்று சொல்லியிருக்கலாம். சிஞ்ஞோரா ஒரு கிழமை பிந்திப் போயிருப்பார். இதைத் திங்கட்கிழமை அவரே சொன்னார். "நீ கேட்கவே இல்லையே" என்றார்.

கடிதத்தோடு ஒரு சிலைட் இருக்கிறது. விழா முடிந்ததும் சட்டத்திலிருக்கும் பெயரை அழிக்கச் சொல்லிச் சிஞ்ஞோராவிடம் கேட்டேன். அழிக்க மறுத்து என்னிடமே தந்தார். என் செபப் புத்தக உறைக்குள் இவ்வளவு காலம் கிடந்தது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். சட்டத்தில் என் பெயர், நாள், நேரம் எல்லாம் இருக்கிறது. எழுத்து சிஞ்ஞோராவினுடையது. நீ அன்று மண்டபத்தில் சொன்னது உண்மை. நீ பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். மற்றதைக் கோயில் தமிழ்ச் சஞ்சிகைக்குக் கொடுக்க விருப்பம். உன்னைப் பொய்க்காரி என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னவள், அதை எல்லாருக்கும் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். றீற்றா அக்கா என்ன நினைப்பாரோ, நினைக்கட்டும். ஆனால் நீ ஓம் என்றால் மட்டும் கொடுப்பேன். உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி நான் பேசியது போதும்.

உண்மையைச் சொன்னால், இதை உன் பெட்டியின் அடியில் குளிர்ச் சட்டைகளுக்குக் கீழே வைத்துவிடத்தான் முதலில் நினைத்தேன். கப்பல் கரையை விட்ட பிறகு நீ வாசிப்பாய், உன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்காது. அதுவும் என் பழைய வேலைதான் என்று பிறகு விளங்கியது. இன்றைக்கு வியாழக்கிழமை. கப்பல் சனிக்கிழமை பின்னேரம். நடுவில் முழுதாக ஒரு நாள் இருக்கிறது, பகேரியாவுக்கு ரயிலும் இருக்கிறது. போ என்று சொல்லமாட்டேன். கமரா அந்த முன்னறை மேசையில் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. அவர் அதை எடுக்க விடவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லி இந்த முறை கேட்கவில்லை. இப்போது எழும்பி வந்து உன் கதவைத் தட்டி இதை உன் கையில் தருவேன். நீ வாசித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கமாட்டேன்.

அம்மா